தூண் ஏன் நெளிகிறது?

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் சாரல் தொடங்கிவிடும். அந்தக் காற்றுக்காக ஊரே காத்திருக்கும். வீடியோ கேசட்டுக்கு மட்டும் அது ஆகாது. எங்கள் அத்தையைப் புனலூரில் கட்டிக்கொடுத்தோம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், மலைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. 1993இல் நடந்த அந்தக் கல்யாணக் கேசட்டைப் பீரோவிலிருந்து எடுத்தபோது நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது. “எய்யா, அதுல தாத்தா நடந்து வருவாருல்லா, எப்படியாவது எடுத்துத் தா” என்றாள் அத்தை.

ஈரம் போகக் காயவைத்து, பூஞ்சையைத் துடைத்து, பழைய வீடியோ டெக்கில் போட்டு, வீடியோவை டிஜிட்டலாக மாற்றும் யூ.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கணினியில் பதிவு செய்தேன். படம் வந்தது. ஆனால் மண்டபத்துத் தூண்கள் பாம்பு போல நெளிந்தன. திரையின் மேல்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அதே டெக்கைப் பழைய பிக்சர் டியூப் டிவியில் இணைத்தால் தூண்கள் நேராக நின்றன! கேசட்டில் படம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும்.

இந்த வகை வீடியோ கேசட்டில் இருக்கும் வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மி.மீ. நம் ஊர் டிவிகளின் பால் (PAL) முறையில் அது வினாடிக்கு 2.34 செ.மீ. தூரம்தான் ஊர்ந்து போகும். வீடியோ சமிக்ஞையோ வினாடிக்குப் பல லட்சம் முறை அதிர்வது. ஊர்கிற நாடாவில் அதை எழுத இடம் ஏது? அதனால் நாடாவை வேகமாக ஓடவிடாமல், அதில் எழுதுகிற காந்தத் தலையைச் சுழலவிட்டார்கள். 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று சற்றே சாய்வாக நின்று நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதில் எதிரெதிராக இரண்டு தலைகள். இப்போது தலைக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டர். ஒவ்வொரு தலையும் நாடாவில் ஒரு சாய்வுக் கோடு கிழிக்கிறது. ஒரு கோட்டில் பாதிப் படம், வினாடியில் 50இல் ஒரு பங்கு. எனக்கு இன்றைக்கும் இது பிரமிப்பூட்டும் யோசனை.

சரி, நெளிவு எங்கிருந்து வருகிறது? டிவி படம் வரிவரியாக வரையப்படுவது. வினாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோவினாடி. 30 வருஷத்துக்கு மேல் ஈரத்திலும் வெயிலிலும் கிடந்த நாடா துளி நீண்டிருக்கும், துளி சுருங்கியிருக்கும். அதனால் ஒரு வரி கொஞ்சம் முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பழைய டிவி இதைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரும் துடிப்பைப் பார்த்துத் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும். வரி பிந்தினால் எலெக்ட்ரான் கதிரும் பிந்திக் கிளம்பும். கணினிக்கான கருவி வினாடிக்கு 1.35 கோடி முறை அளந்து, ஒரு வரியை 720 புள்ளிகளாக்குகிறது. ஒரு மைக்ரோவினாடி பிந்தினால் 13 புள்ளி தள்ளிப்போகும். மலிவான கருவி இந்தத் தடுமாற்றத்தைச் சரியாகப் பின்தொடர்வதில்லை. ஒரு தலை மற்றதிடம் வேலையைக் கைமாற்றும் இடம் படத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கே நேரம் குதிப்பதால் அடுத்த பாதிப் படத்தின் மேல்பகுதி சாய்கிறது.

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் சற்று நிறுத்தி, சீரான இடைவெளியில் வெளியே விட்டால் போதும். சில பழைய டிவிடி ரெக்கார்டர்களுக்குள் இந்த வேலையைச் செய்யும் மின்சுற்று உண்டு. ஒன்றைத் தேடிப் பிடித்து, டிஸ்க் எதுவும் போடாமல், டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் இணைத்தேன். தூண்கள் நிமிர்ந்தன.

ஒலிதான் பாக்கி. சாதாரணப் பதிவில் அது சுழலும் தலைக்குப் போவதில்லை. நாடாவின் விளிம்பில் நேர்கோடாக ஓடுகிறது. ஆடியோ கேசட்டின் வேகத்தில் பாதிதான் என்பதால் நாகஸ்வரம் ஏற்கெனவே மந்தமாகத்தான் கேட்கும். பூஞ்சையும் முதலில் பிடிப்பது விளிம்பைத்தான். தாத்தா நடந்து வரும் இடத்தில் தவில் சத்தம் இரண்டு வினாடி அமுங்கிப்போகிறது. அந்தத் துண்டை மட்டும் மறுபடி துடைத்து, காற்றில் ஈரம் குறைந்த மார்ச் மாதத்தில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.