படுத்தால் ஏறும், எழுந்தால் இறங்கும்

குருதியமுக்கம் குறித்து வைக்கும் கொப்பி ஒன்றில் ஒரு நாளின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஆறு மணி, 168/94. ஆறரை மணி, 96/60. பிற்பகல் ஒன்றரை, 102/62. இரவு பத்து மணி, 174/96. யாழ்ப்பாணத்து வீடொன்றில் இப்படி வந்தால் முதற் சந்தேகம் இயந்திரத்தின் மேல்தான் விழும். பற்றரி மாற்றப்படும். அயல் வீட்டு இயந்திரம் இரவல் வரும். அதுவும் அதையே காட்டினால் பழி நோயாளியின் பக்கம் திரும்பும்: ஊறுகாய் தின்றதால் ஏறியது, நித்திரை இல்லாததால் ஏறியது, கனடாவில் இருக்கும் மகனோடு தொலைபேசியில் வாக்குவாதப்பட்டதால் ஏறியது. ஏறிய எண்ணுக்கு விளக்கம் சொல்ல வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். இறங்கிய எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘பிரஷர் இப்போது நன்றாக இருக்கிறது’ என்று திருப்திப்பட்டுவிடுவார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. அளந்தபோது அவர் படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, நின்றாரா? ஆறு மணி எண் கட்டிலில் கிடந்தபடி எடுத்தது. ஆறரை மணி எண் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து நின்றபோது எடுத்தது. ஒன்றரை மணிக்கு அவர் சோறு சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். இரவு மறுபடி கட்டில். இவற்றைச் சேர்த்து வாசித்தால் எண்கள் தாறுமாறாக ஓடவில்லை என்பது தெரியும். ஓர் ஒழுங்கோடுதான் ஏறி இறங்குகின்றன. அந்த ஒழுங்கைக் கண்டுதான் மருத்துவர் ‘தன்னியக்க நரம்புகளில் கோளாறு இருக்கலாம்’ என்று கிளினிக் கொப்பியில் ஒரு கேள்விக்குறியோடு எழுதுகிறார். நாம் நினைக்காமலே இதயத்தையும் குருதிக்குழாய்களையும் நடத்தும் நரம்புகள் அவை.

மனிதன் எழுந்து நிற்பது உடலுக்குச் சிறிய வேலை அல்ல. நின்ற சில வினாடிகளுக்குள் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரையான குருதி நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் தொடைகளுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. மூளையோ இதயத்துக்கு மேலே இருக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நாம் விழவேண்டும். விழாமல் இருப்பதற்குக் காரணம் கழுத்தில் சிரசு நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் இருக்கும் நரம்பு முனைகள். இவற்றை அமுக்க வாங்கிகள் என்பார்கள். நாடியின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை ஒவ்வொரு துடிப்பிலும் உணர்ந்து மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான நீள்வளைய மையவிழையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. விரிவு குறைந்தால் அங்கிருந்து இரண்டு கட்டளைகள் புறப்படும். தன்னியக்க நரம்புகளில் ஒன்றான, துடிப்பை மெதுவாக்கும் வேகசு நரம்பு இதயத்தின் மேல் வைத்திருந்த பிடியைத் தளர்த்துகிறது. துடிப்பு உடனே கூடுகிறது. அவற்றின் இன்னொரு வகையான பரிவு நரம்புகள் குருதிக்குழாய்களை இறுக்குகின்றன; இதற்கு இன்னும் சில வினாடிகள் வேண்டும்.

பழைய தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கீழே ஒருவர் பட்டையை இறக்கி இறைக்க, மேலே துலாவில் நிற்பவர் முன்னும் பின்னும் நடந்து பாரத்தைச் சமன்செய்துகொண்டே இருப்பார். அவர் நடப்பதை நிறுத்தினால் துலா தன் பாட்டில் ஒரு பக்கம் போய்விடும்.

அந்தச் சில வினாடி இடைவெளியைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிவிட்டுச் சட்டென எழும்பும்போது கண் இருண்டு, கால் மணித்தியாலமாகத் தோன்றும் பத்து வினாடிகள் கழித்துத் தெளிவது இதனால்தான். மெலிந்த, உயரமான இளையவர்களில் இது அடிக்கடி வரும். தானாகத் தெளிந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது தெளியாமல் தொடரும் இறக்கத்தை. நின்று மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறையாமல் இறங்கி அப்படியே நின்றால் அதை நிலைசார் தாழ் அமுக்கம் என்று கொள்கிறார்கள். படுக்கையில் ஏற்கெனவே உயர் அமுக்கம் உள்ளவருக்கு மேல் எண்ணின் எல்லை 30.

குழாய்களை இறுக்கி வைத்திருப்பது நரம்புகள்தான் என்பதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாகியது. பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பெர்னாட் முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடாகியது. நரம்பின் பிடி போனதும் குழாய்கள் விரிந்துவிட்டன. அதே பிடி மனிதரில் நோயால் தளர்ந்துபோவதை 1925இல் அமெரிக்க மருத்துவர்கள் பிராட்பரியும் எகிள்ஸ்டனும் மூன்று நோயாளிகளை வைத்து விவரித்தார்கள். நின்றால் மயக்கம். அமுக்கம் எவ்வளவு இறங்கினாலும் நாடித்துடிப்பு கூடவில்லை. வியர்வை இல்லை. வெயில் காலத்தில் நிலைமை மோசமாகியது. நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த விவரிப்பை ஒரு சித்திரை மாத யாழ்ப்பாணத்து வீட்டில் வைத்து வாசித்தாலும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

நாடித்துடிப்பு கூடவில்லை என்பது அவற்றுள் மிகவும் பயன்படும் தடயம். வயிற்றோட்டத்தால் உடலில் நீர் வற்றிய ஒருவர் எழுந்து நின்றாலும் அமுக்கம் இறங்கும். ஆனால் அவரது இதயம் படபடவென்று ஓடி ஈடுகொடுக்கப் பார்க்கும். நரம்பே பழுதான ஒருவரில் அமுக்கம் 40 இறங்கினாலும் துடிப்பு ஆறோ ஏழோதான் கூடும். மேல் எண்ணில் இறங்கியது எவ்வளவோ அதில் பாதியளவுக்காவது துடிப்பு ஏறாவிட்டால் நரம்பைச் சந்தேகிக்கலாம். அற்றனலோல் போன்ற, துடிப்பைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களில் இந்தக் கணக்குச் சரிவராது. நேர்மாறான படமும் உண்டு: அமுக்கம் இறங்காமல், நின்று பத்து நிமிடத்துக்குள் துடிப்பு மட்டும் 30க்கு மேல் கூடி, படபடப்பும் களைப்புமாக மாதக்கணக்கில் தொடர்வது. இளம்பெண்களில், சிலவேளை ஒரு வைரசுக் காய்ச்சலுக்குப் பிறகு வரும். ‘பதற்றம்’ என்று சொல்லி அனுப்பப்படுபவர்கள் இவர்களில் நிறைய. நிற்க வைத்துத் துடிப்பை எண்ணப் பத்து நிமிடம்தான் தேவை. அதைச் செய்யாமல் பதற்றம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நின்றால் இறங்குவது விளங்குகிறது. படுத்தால் ஏன் ஏற வேண்டும்? சமன்செய்யும் ஏற்பாடு இரண்டு பக்கமும் வேலை செய்வது. படுத்தவுடன் கீழே கிடந்த குருதி இதயத்துக்குத் திரும்புகிறது. வழக்கமாக நரம்புகள் உடனே குழாய்களைத் தளர்த்தி அந்த ஏற்றத்தை மட்டுப்படுத்தும். அது நடக்காதபோது அமுக்கம் ஏறியபடி நிற்கும். நரம்பு சார்ந்த நிலைசார் தாழ் அமுக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் படுக்கையில் உயர் அமுக்கமும் உண்டு. அது சிறுநீரகத்தை விட்டுவைக்காது. உயர்ந்த அமுக்கத்தில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் இரவு முழுவதும் வெளியேற்றும். நோயாளி மூன்று, நான்கு தடவை எழும்புவார். விடியும்போது உடலில் நீர் குறைந்திருக்கும். ஆகவே காலைதான் நாளின் மிக மோசமான நேரம். மலசலகூடம் முற்றத்தைத் தாண்டி இருக்கும் வீடுகளில் இந்த இரவு நடை எலும்பு முறிவில் முடிவதுண்டு.

இதற்கு மிக மலிவான சிகிச்சை கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் கழுத்துத்தான் வளையும். உடல் முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். இரவில் சிறுநீரகம் இழக்கும் நீர் இதனால் குறையும்.

மருந்தில்தான் மருத்துவருக்கே தலையிடி. ஏறிய எண்ணுக்குக் குளிசை கூட்டினால் நிற்கும்போது இன்னும் விழுவார். விழுவதைத் தடுக்க மிடோட்ரின், ஃபுளூட்ரோகோட்டிசோன் போன்றவற்றைக் கொடுத்தால் படுக்கையில் இன்னும் ஏறும். ஆகவே நேரம் பார்த்துக் கொடுக்கிறார்கள்: மிடோட்ரின் பகலில், படுப்பதற்குக் குறைந்தது நான்கு மணித்தியாலம் முன்பே கடைசி வேளை, உயர் அமுக்கத்துக்கான குளிசை தேவைப்பட்டால் குறுகிய நேரம் வேலை செய்யும் ஒன்று, இரவில். வேறு நோய்க்காக எடுக்கும் குளிசைகளே காரணமாக இருப்பதும் சாதாரணம். உயர் அமுக்கத்துக்குக் கொடுக்கும் பிராசோசின், புரஸ்தத் சுரப்பிக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், நீர் போக்கும் குளிசைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிற்றிப்டிலீன் ஆகியவை அந்த வரிசையில் வரும். இவற்றை வாசித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்தக்கூடாது. சிலவற்றைத் திடீரென்று விட்டால் அமுக்கம் துள்ளிவிடும்.

நரம்பு ஏன் பழுதாகிறது என்று தேடப் போனால் முதலில் நிற்பது நீரிழிவு. பல ஆண்டுச் சர்க்கரை கால் விரல் நரம்புகளைக் கெடுப்பதுபோல இந்த நரம்புகளையும் கெடுக்கும். அடுத்தது பார்க்கின்சன் நோயும் அதன் உறவு நோய்களும். அவற்றில் மலச்சிக்கல், மணம் தெரியாமை, கனவில் கையைக் காலை வீசிக் கத்துவது ஆகியவை நடுக்கத்துக்கு ஆண்டுகள் முன்பே தொடங்கலாம். இன்னொன்றை நம் ஊரில் குறிப்பாகக் கேட்க வேண்டும். இலங்கை ஆண்களில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை பாக்கும் புகையிலையும் அதற்குக் காரணம். தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலையில் கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றுக் குணமானவர்களில் சிலருக்கு, ஆண்டுகள் கழித்துச் சிரசு நாடியில் உள்ள அமுக்க வாங்கிகள் செயலிழக்கலாம். அவர்களின் அமுக்கம் கோபத்திலும் பதற்றத்திலும் மிக உயரத்துக்குப் பாய்ந்து, அமைதியாக இருக்கும்போது தாழ்ந்துவிடும். பழைய சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லத் தோன்றாததால் அது கொப்பியில் ஏறுவதே இல்லை.

கேள்விக்குறியை நீக்கும் சோதனைகள் சில எளிமையானவை. நிமிடத்துக்கு ஆறு மூச்சாக ஆழமாக இழுத்து விடச்சொல்லி ஈசிஜி எடுப்பார்கள். நல்ல வேகசு நரம்பு உள்ளவரில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடி, விடும்போது குறையும். நிமிடத்துக்கு 15க்கு மேல் வித்தியாசம் இருக்கும். 10க்குக் கீழ் என்றால் குறைபாடு. நோயாளியை மேசையில் கட்டி நிமிர்த்திப் பார்க்கும் சாய்மேசைச் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. அதுவரை, சரியாக எடுத்த வீட்டு அளவீடு பெரிய உதவி. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை, எழுந்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு தடவை, ஒவ்வொன்றிலும் நாடித்துடிப்பும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல் இதய மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கையில் கட்டிய பட்டி இதய மட்டத்திலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் கீழே போனால் எண் ஏழு எட்டுக் கூடுதலாகக் காட்டும். இறக்கத்தை அது மறைத்துவிடும். காலையில் குளிசைக்கு முன், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் பின், படுக்கைக்கு முன் என்று சில நாட்கள் எடுத்தால் போதும். அரை மணிக்கொரு தடவை கட்டிப் பார்ப்பவர்கள் பார்க்கும் பயத்தாலேயே ஏற்றிக்கொள்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. சமிபாட்டுக்காகக் குடலின் குழாய்கள் விரிகின்றன. மற்ற இடங்களில் குழாய்களை இறுக்கி நரம்பு ஈடுசெய்ய வேண்டும். முடியாதவர்களில் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் அமுக்கம் 20க்கு மேல் இறங்கலாம். மாச்சத்துக் கூடக்கூட இறக்கமும் கூடும். கோப்பை நிறையச் சோறு, மேலே பாயாசம், பிறகு கலியாண மண்டப வாசலில் நின்று கதை: இந்த வரிசைக்கு ஒரு பலவீனமான பரிவு நரம்பு தாக்குப்பிடிக்காது. சாப்பாட்டைச் சிறிதாக நாலைந்து தடவையாகப் பிரிப்பது பலருக்கு உதவுகிறது. கள்ளும் குழாய்களை விரிப்பதுதான்.

தண்ணீரின் வேலை வியப்பானது. தன்னியக்க நரம்புகள் பழுதானவர்கள் அரை லீற்றர் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சில நிமிடங்களில் அமுக்கம் ஏறத் தொடங்கி, அரை மணித்தியாலமளவில் உச்சத்துக்கு வரும். மேல் எண் 30க்கு மேல் ஏறியவர்களும் உண்டு. நலமான இளைஞர் குடித்தால் எண்ணில் மாற்றமே இராது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி கரைசலோ உப்பு மோரோ இந்த உடனடி வேலையில் வெறும் தண்ணீரை விடக் குறைவு, ஏனென்றால் குடலில் இறங்கும் நீர்த்த தன்மைதான் அந்த ஏற்றத்தைத் தூண்டுகிறது. கட்டிலை விட்டு எழும்ப முன் குடிக்க ஏற்ற மருந்து இது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். உப்பைக் கூட்டுவதும் அப்படியே. எல்லாருக்கும் பொதுவான அறிவுரை அல்ல.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில், அதுவும் தேரன்று, விரதத்தோடு சுடுமணலில் நிற்பவர்கள் மயங்குவது வேறு வகை. அங்கே நரம்புகள் நலமாகவே இருக்கின்றன. நீண்ட நேரம் நின்ற களைப்பில் ஒரு கணம் கட்டளை தலைகீழாகி இதயம் மெதுவாகிக் குழாய்கள் விரிகின்றன. வியர்த்துக் கொட்டும், கொட்டாவி வரும், பார்வை மங்கும். நரம்பு பழுதானவரோ தோல் உலர்ந்தபடியே சரிவார். அதற்கு முன் பிடரியிலும் தோள்களிலும் ஒரு வலி வந்து, படுத்ததும் மறைவது அவருக்குரிய அடையாளம். தைலம் பூசி அதை மாதக்கணக்கில் சுளுக்கென்று நினைப்பவர்கள் உண்டு. இரு வகையினருக்கும் வரிசையில் நிற்கும்போது ஒரு தந்திரம் உதவும்: கால்களைக் குறுக்காக வைத்துத் தொடைகளையும் பிட்டத்தையும் இறுக்குவது. இறுகும் தசை, நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே தள்ளும். அதற்கும் கட்டுப்படாவிட்டால் வெட்கப்படாமல் குந்திவிட வேண்டும்.

‘எனக்கு எப்போதும் இப்படித்தான்’ என்ற பழக்கம் ஆபத்தாகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் காய்ச்சலோடு எழும்ப முடியாத தலைச்சுற்று வந்தால் அது டெங்குவில் குருதியின் நீர்ப்பகுதியான நீர்ப்பாயம் குழாய்களுக்கு வெளியே கசிவதன் அறிகுறியாக இருக்கலாம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால் தாமதிக்க நேரமில்லை. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றோடு அமுக்கம் மாறினால் தன்னியக்க நரம்பில் பழியைப் போடாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போகும்போது அந்தக் கொப்பியும் குளிசைப் பட்டியலும் கூடவே போக வேண்டும்.