ஸ்கிரீன் ரீடரோடு கோடிங்: முதலில் எடிட்டர், அப்புறம் பைத்தான்

கண்பார்வை இல்லாதவர்கள் புரோகிராமிங் கற்க வரும்போது முதலில் கேட்பது, "எந்த மொழியில் ஆரம்பிக்கலாம் சார்?" என்றுதான். பைத்தானா, ஜாவாவா, சி-யா என்று நாலு பேரிடம் விசாரித்துக் குழம்பிப்போய் வருவார்கள். பதிலுக்கு நான் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். இரண்டு பக்க அளவில் ஓர் உரைக்கோப்பு. அதில் 37-ஆவது வரியில் ஒரு சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறது. முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வராமல் நேராக அந்த வரிக்குப் போய், அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்திவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பலர் இங்கேயே தடுமாறுவார்கள். ஸ்கிரீன் ரீடரில், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளில், மெயில் அனுப்பி, புத்தகம் கேட்டு, வலைத்தளங்களில் உலாவிப் பழகியவர்கள்தான். ஆனால் அதிலெல்லாம் குரல் முன்னால் ஓடும், நாம் பின்னால் போவோம். நிரலில் நாம் முன்னால் போக வேண்டும்.

நான் பார்த்தவரை, பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களை விரட்டியது லூப்போ (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) ஃபங்ஷனோ (பெயர் வைத்த நிரல் துண்டு) இல்லை. கதை கேட்பதற்கு வைத்திருந்த அதே செட்டிங்கில் கோடிங்கையும் கேட்க முயன்றதுதான். அதனால் முதல் கொஞ்ச நாளைக்கு நிரல் எழுதவே விடமாட்டேன். நிரலை எழுதித் திருத்தும் எடிட்டருக்குள் நடமாடுவது மட்டும்தான் பாடம். மாணவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

"இது நம்மால் முடியுமா?" என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை 2006-இல் தொடங்கியவர் மைக்கேல் கரன். சீக்கிரமே அவரோடு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள். அதன் பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரைத் தொடங்கிய டெட் ஹென்டர், விபத்தில் பார்வையை இழந்தபின் புரோகிராமிங் கற்றவர். எமாக்ஸ் என்ற எடிட்டரைப் பேசவைக்கும் எமாக்ஸ்பீக்கை உருவாக்கிய டி.வி. ராமனும் பதின்வயதில் பார்வையை இழந்தவர்தான். ஆக, நீங்கள் காதில் மாட்டியிருக்கும் கருவியையே உங்களைப் போன்றவர்கள்தான் எழுதினார்கள். சரி, வேலைக்கு வருவோம்.

முதல் சிக்கல் நிறுத்தக்குறிகள். என்விடிஏ-வை நிறுவியதும் அது எல்லாக் குறியையும் படிக்காது. அடைப்புக்குறி, மேற்கோள்குறி, கோலன், அண்டர்ஸ்கோர், கமா எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். கதைக்கு அதுதான் சுகம். நிரலிலோ, அப்படித் தாண்டிவிடும் குறிகளில்தான் பாதி விஷயமே இருக்கிறது. திரையில் எதையாவது காட்டச் சொல்லும் பிரிண்ட் வரியை அடைப்புக்குறியோடு எழுதியதும், அடைப்புக்குறி விட்டுப்போனதும் ஒரே மாதிரி காதில் விழும். நிபந்தனை சொல்லும் இஃப் வரியின் கடைசியில் கோலன் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) பி-யைத் தட்டினால் நிறுத்தக்குறி அளவு மாறிக்கொண்டே வரும். 'ஆல்' என்பதில் நிறுத்துங்கள். அதை எல்லா இடத்துக்கும் வைத்தால் மெயில் படிப்பது நரகமாகிவிடும். எடிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மென்பொருளுக்கு மட்டும் தனி கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல் (செட்டிங்குகளின் தொகுப்பு) ஒன்றை உருவாக்குங்கள். எடிட்டருக்குள் போனால் எல்லாக் குறியும் பேசும், வெளியே வந்தால் பழையபடி அடங்கிவிடும். இந்த ஒரு வசதி தெரியாமல் வருடக்கணக்கில் கையால் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. சொல்லாகப் படிக்கும்போது இரண்டுக்கும் ஒரே ஒலிதான். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தால் மட்டுமே குரல் உயர்ந்தோ, 'கேப்' என்று சொல்லியோ, பீப் அடித்தோ காட்டிக்கொடுக்கும். பிரிண்ட் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் 3.10 முதல் அது மிக அன்பாகவே உதவும்: "பிரிண்ட் என்ற பெயர் இல்லை, பிரிண்ட் என்று சொல்ல வந்தீர்களா?" கண்ணால் பார்ப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். நமக்கு, கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றுதான் தோன்றும். இப்படி அர்த்தமில்லாத பிழைச்செய்தி வந்தால், அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் கேளுங்கள். சுழியமும் ஓ-வும், ஒன்றும் எல்-லும் இடம் மாறியிருந்தாலும் அங்கேதான் பிடிபடும்.

பைத்தானைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவது இன்டென்டேஷனை வைத்துத்தான். வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது, இடைவெளியோ கண்ணுக்கு மட்டும் தெரிவது, ஆகவே பார்வையற்றவர்களுக்குப் பைத்தான் ஆகாது என்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டும் ஒரு லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் விடையைக் காட்டும் வரி நான்கு இடைவெளி தள்ளி இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண் வரும். ஓரத்தில் ஒட்டி இருந்தால் மொத்தம் மட்டும் ஒருமுறை வரும். என்விடிஏ-வில் டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் பகுதிக்குப் போனால் வரி இன்டென்டேஷனை அறிவிக்கும் வசதி இருக்கிறது. முதலில் அது அணைந்துதான் இருக்கும். அதைப் பேச்சாகவும் வைக்கலாம், ஒலியாகவும் வைக்கலாம். பேச்சில் வைத்தால் 'ஃபோர் ஸ்பேஸ்' என்று வரிக்கு முன்னால் சொல்லும். ஒலியில் வைத்தால், உள்ளே போகப் போக ஸ்வரம் ஏறும், வெளியே வந்தால் இறங்கும். ஆரம்பத்தில் இரண்டையும் சேர்த்து வையுங்கள், பழகியதும் பேச்சை எடுத்துவிடுங்கள். அப்புறம் நிரலின் அமைப்பு ஏறி இறங்கும் மெட்டாகவே மனதில் நிற்கும். பிரேஸ்களால் (நெளிவு அடைப்புக்குறிகளால்) மூடித் திறக்கும் மொழிகளில், வரிசையாக வரும் நான்கு மூடும் பிரேஸ்களில் எது எதற்கானது என்று தேடிப் பார்த்தவர்கள், பைத்தானே தேவலை என்பார்கள். ஜாஸிலும் இன்டென்டேஷன் அறிவிப்பு உண்டு. திரையின் எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக விரலுக்குத் தரும் பிரெய்ல் டிஸ்ப்ளே வாங்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. இடைவெளியும் குறிகளும் விரலுக்கு நேராகக் கிடைக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டு யாரும் புரோகிராமிங்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

எடிட்டர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானை நிறுவினால் கூடவே ஐடில் என்ற எடிட்டரும் வரும், வகுப்புகளிலும் அதைத்தான் திறக்கச் சொல்வார்கள். அது டிகே என்ற வரைகலைக் கருவியில் கட்டப்பட்டது. டிகே ஸ்கிரீன் ரீடர்களோடு காலங்காலமாகப் பேசுவதில்லை. நீங்கள் தட்டிக்கொண்டே இருப்பீர்கள், காதில் ஒன்றும் வராது. உங்கள் மேல் தப்பில்லை. நோட்பேட்++ போன்ற எளிய எடிட்டரில் தொடங்கி, பிறகு விஎஸ் கோடுக்குப் போகலாம். விஎஸ் கோடில் கன்ட்ரோல் ஜி வரி எண்ணுக்குக் கொண்டுபோகும், எஃப்8 அடுத்த பிழைக்குக் கொண்டுபோகும், கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ ஃபங்ஷன்களின் பட்டியலைத் தரும். ஆல்ட் எஃப்1 தட்டினால் அணுகல்தன்மை உதவிப் பக்கமே திறக்கும். தட்டத் தட்டக் குறுக்கே வந்து பேசும் தானியங்கிப் பரிந்துரைகளைப் புதியவர்கள் அணைத்துவிடுவது நல்லது. தான் தட்டிய எழுத்தைக் கேட்பதற்குள் அது வேறொரு சொல்லைச் சொல்லிவிடும். தேவைப்படும்போது கன்ட்ரோல் ஸ்பேஸ் தட்டி நாமே கூப்பிட்டுக்கொள்ளலாம்.

குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரலை ஆங்கிலக் குரலில் கேளுங்கள், பாடக்குறிப்பைத் தமிழ்க் குரலில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதக் குரல் போல இனிமையாகப் பேசும் குரல்களை எல்லோரும் விரும்புவார்கள். எனக்கு ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தகரக் குரல்தான் பிடிக்கும். வேகத்தைக் கூட்டினாலும் அது சொல்லை விழுங்குவதில்லை.

பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிக் கேட்க வேண்டும். பைத்தானில் என்ன பிழை என்பது கடைசி வரியில் இருக்கும், எந்த வரி எண் என்பது அதற்குச் சற்று மேலே. நடுவில் பிழையுள்ள இடத்துக்குக் கீழே தொப்பிக்குறி (^) போட்டுக் காட்டியிருப்பார்கள். அது எதற்குக் கீழே நிற்கிறது என்பதுதான் அங்கே செய்தி, நமக்கோ 'கேரட்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். அதைத் தாண்டிப் போய்விடுங்கள். வெளியீடு நீளமாக இருந்தால் டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் மல்லுக்கட்டாமல் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு எடிட்டரில் திறந்து நிதானமாகப் படிக்கலாம். வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் யாரும் எழுதாத ஏதோ ஓர் எழுத்துக்கோவையைக் கமென்டாக, அதாவது கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக, போட்டுவையுங்கள். வேறெங்கோ போய்விட்டு வந்தாலும் ஒரே தேடலில் அங்கே வந்து நிற்கலாம். ஃபங்ஷன்களைச் சின்னதாக, வரிகளைக் குட்டையாக எழுதும் பழக்கமும் தானாக வந்துவிடும். நீண்ட வரியை இரண்டாம் முறை கேட்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது?

சொல்லிக்கொடுப்பவர்களிடமும் பேச வேண்டும். நிரலை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாதீர்கள், உரைக்கோப்பாக அனுப்புங்கள். "இங்கே பாருங்க, இதை அங்கே போடுங்க" என்பதற்குப் பதில் வரி எண்ணைச் சொல்லுங்கள். மரவடிவ அமைப்பை விளக்க வேண்டுமானால் படத்துக்குப் பதில் உள்ளே தள்ளித் தள்ளி எழுதிய பட்டியலாகத் தாருங்கள். இன்டென்டேஷன் ஒலியிலேயே மரம் விளங்கிவிடும். முக்கியமாக, மாணவர் திணறும்போது மவுஸைப் பிடித்து நீங்களே செய்து முடிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் கற்றது, தன்னால் முடியாது என்பதை மட்டும்தான். சிறு பிள்ளைகளுக்கு, கட்டங்களை இழுத்துப் போடும் முறையைத் திணிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வில் பிறந்த கோட் ஜம்பர், கையால் தொட்டு இணைக்கும் துண்டுகளால் ஆனது. பார்வையற்ற மாணவர்களை மனதில் வைத்து உருவான குவோரம் என்ற மொழியும் இருக்கிறது.

இணையப் பக்கத்தின் நிறப் பொருத்தம், ஒரு பட்டன் இரண்டு பிக்சல் தள்ளி நிற்கிறதா என்பது போன்றவற்றுக்கு இன்னொருவர் கண் வேண்டும். அதை மறைத்துப் பயனில்லை. சர்வர் பக்க நிரல், தரவுத்தளம், தானியங்கிச் சோதனை ஆகியவற்றில் அந்தத் தேவை மிகக் குறைவு.

இணையவழித் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலாவிக்குள் இருக்கும் எடிட்டரில் தட்டினால் எழுத்து விழாமல் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறது என்றால், நீங்கள் பிரவுஸ் மோடில், அதாவது விசைகள் பக்கத்தில் உலாவ மட்டும் உதவும் நிலையில், இருக்கிறீர்கள். என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் தட்டுங்கள். அந்த எடிட்டர் டேப் விசையை விழுங்கிக்கொண்டு வெளியே விடாவிட்டால், விஎஸ் கோட் வகையறா எடிட்டர்களில் கன்ட்ரோல் எம் விடுவிக்கும். அடுத்தது, வேறொருவர் கணினியில் உங்கள் செட்டிங் இருக்காது. என்விடிஏ-வின் போர்ட்டபிள் பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் நிறுத்தக்குறி, இன்டென்டேஷன் ஒலி, ப்ரொஃபைல் எல்லாம் கூடவே வரும். அனுமதியை எழுத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சில தேர்வு மையங்களில் யூஎஸ்பி போர்ட்டையே அடைத்து வைத்திருப்பார்கள்.