சிப்பியில் தொடங்கிய வளைவு: கேண்டி கம்மிங்ஸ் வீசிய கர்வ் பால்

1863இல் புரூக்ளின் கடற்கரையில் சில பையன்கள் மட்டிச் சிப்பிகளை வீசி விளையாடினார்கள். சிப்பி காற்றில் வளைந்து போவதைக் கண்ட 14 வயது வில்லியம் ஆர்தர் கம்மிங்ஸுக்கு (பின்னாளில் 'கேண்டி' கம்மிங்ஸ்), பேஸ்பால் பந்தையும் அப்படி வளைக்கும் ஆசை வந்தது. நான்கு ஆண்டுப் பயிற்சிக்குப் பின், 1867இல் ஹார்வர்ட் அணியோடு மோதியபோது, அவர் வீசிய பந்து மட்டையை விட்டு விலகி வளைந்தது. கர்வ் பாலைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான். ஃபிரெட் கோல்ட்ஸ்மித் என்பவரும் அதே பெருமைக்கு உரிமை கொண்டாடினார்.

சிப்பி வளைவது அதன் வடிவத்தால். பந்தோ எந்தப் பக்கமும் ஒன்றுபோல உருண்டை. அதை வளைக்கச் சுழற்சி ஒன்றுதான் வழி. சுழலும் பந்தின் ஒரு பக்கம் எதிர்வரும் காற்றோடு சேர்ந்து நகரும். மறுபக்கம் அதை எதிர்த்து நகரும். சேர்ந்து நகரும் பக்கத்தில் காற்று அதிக நேரம் ஒட்டியிருந்து, பந்தைச் சுற்றித் திரும்பிய பிறகே பிரியும். அதனால் பந்துக்குப் பின்னால் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. பந்து எதிர்ப்பக்கம் நகர்கிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். பந்தின் தையல் மேடுகள் இதற்குப் பெரிய துணை. முற்றிலும் வழவழப்பான பந்து சில வேகங்களில் நேர்மாறான திசையில்கூட வளையும்.

ஒரு கணக்குப் போடலாம். அந்நாளில் பந்து வீசும் பிட்சர், மட்டை பிடிக்கும் பேட்டரிடமிருந்து நின்றது 45 அடி தூரத்தில், ஏறத்தாழ 13.7 மீட்டர். வேகம் மணிக்கு 108 கி.மீ., சுழற்சி நிமிடத்துக்கு 1500 என்று வைத்தால், 145 கிராம் பந்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும். பறக்கும் நேரம் 0.46 நொடி, விலகல் சுமார் 30 செ.மீ. விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், முதல் பாதித் தூரத்தில் 8 செ.மீ. கூட இராது. மீதி 22 செ.மீ. முழுவதும் பேட்டர் மட்டையைச் சுழற்ற முடிவெடுத்த பிறகுதான் வருகிறது. பந்து 'கடைசியில் திடீரென்று' திரும்புவதாகத் தோன்றுவது இதனால்தான்.

கம்மிங்ஸின் கையைக் கட்டிப்போட்ட விதிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். 1872இல்தான் மணிக்கட்டைச் சொடுக்க விதி இடம்கொடுத்தது. பந்தை விடும் நொடியில் மணிக்கட்டைத் திருப்பி, நடுவிரலால் முறுக்கிவிடுவார். மேலிருந்து பார்த்தால் பந்து இடஞ்சுழியாகச் சுழலும். வலக்கை பேட்டரை விட்டு விலகும்.

தவறுவது பெரும்பாலும் சுழற்சியின் அச்சில்தான். துப்பாக்கிக் குண்டைப் போல அச்சு பந்து போகும் திசையிலேயே அமைந்துவிட்டால், எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் வளைவு வராது. தொடக்கத்தில் காற்று வீசும்போதுதான் அவருடைய பந்து வளைந்தது. எதிர்க்காற்று பந்தைக் கடக்கும் காற்றோட்டத்தைக் கூட்டும், விசையும் கூடும்.

வளையும் பந்தைப் பிடிப்பதும் பெரும்பாடு. பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் கையுறையோ முகக்கவசமோ இன்றித் தள்ளி நின்ற காலம் அது. தள்ளி நின்றால் பந்து இன்னும் விலகிப் போகும். நாட் ஹிக்ஸ் என்ற கேட்சர் துணிந்து பேட்டருக்கு அருகிலேயே நின்று பிடித்தார். கம்மிங்ஸின் வெற்றியில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு.

54 கிலோ எடையே இருந்த கம்மிங்ஸ் 1872 முதல் 1877 வரை தொழில்முறை ஆட்டங்களில் 145 வெற்றி பெற்றார், 94 தோல்வி. 1875இல் ஹார்ட்ஃபோர்ட் அணிக்காக 35 வெற்றி, 12 தோல்வி. 1876 செப்டம்பர் 9 அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களை வென்றார். சின்சினாட்டி அணியில் 1877இல் 5 வெற்றிதான். பிறகு மாசசூசெட்ஸில் பெயின்ட், சுவர்த்தாள் கடை நடத்தினார், 1924இல் இறந்தார், 1939இல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

அப்போதும் கர்வ் பால் வெறும் கண்மயக்கு என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 1959இல் இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் காற்றுச் சுரங்கத்தில் அளந்து பார்த்தார். இன்றைய தொலைவுக்கு நெருக்கமான 60 அடியில், நிமிடத்துக்கு 1800 சுழற்சியில், பந்து 17.5 அங்குலம் வரை வளைந்தது. பேட்டர் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலமே 17 அங்குலம்தான்.