ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்: குடல் செல்லின் கணக்கு

மார்த்தாண்டத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். மழை தொடங்கினால் வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். பெரும்பாலோர் கேட்பது போக்கை உடனே நிறுத்தும் மாத்திரை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்து வைத்தால், வெறும் உப்பும் சர்க்கரையும்தானே என்று முகம் சுளிக்கிறார்கள். வாங்கிப் போகிறவர்களிலும் சிலர் லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிடுகிறார்கள். அந்தத் தூள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டும் நடக்காது.

நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன ஈரடுக்கு. ஆக்சிஜன் அதனூடே தானாகப் போய்வரும். மின்னேற்றம் கொண்ட சோடியமும் குளோரைடும் அப்படிப் போக முடியாது, குளுக்கோஸும் அப்படியே. அவற்றுக்கென்று சவ்வில் தனித்தனிப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவைதான் வாசல்கள். தண்ணீரோ கரைபொருள் மிகுந்த பக்கம் நகரும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான். ஆகவே குடல் உப்பையும் சர்க்கரையும் உள்ளே இழுத்தால்தான் தண்ணீர் பின்னால் வரும்.

காலரா நச்சு, குடல் செல்லின் குளோரைடு வாசலை மூடவிடாமல் செய்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது; சோடியமும் தண்ணீரும் அதைத் தொடர்ந்து வெளியேறுகின்றன. ஆனால் வேறொரு வாசலை அந்த நச்சு தொடுவதில்லை. இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே கடத்தும் புரதம் அது. ஒன்றை விட்டு மற்றொன்றை அது ஏற்காது. சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்பட்டதல்ல. அது இல்லாவிட்டால் உப்பு அந்த வழியே நுழையாது, தண்ணீரும் வராது. இப்படி ஒரு கடத்தல் நடக்கிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1971-இல் வங்கதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, ஏற்றுவதற்குச் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். பல நோயாளிகளுக்கு உறவினர்களே புகட்டினார்கள். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்தத் தூளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாம் நினைவுக்கு வருகிறது.

2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். சோடியமும் குளுக்கோஸும் மூலக்கூறு எண்ணிக்கையில் சமம். தண்ணீரைக் குறைத்தால் கரைசல் இரத்தத்தைவிட அடர்த்தியாகி, உடலிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். இரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளைச் செல்கள் சுருங்கும். குழந்தைக்கு வலிப்பு வரலாம். எனவே பொட்டலத்தில் 200 மி.லி. என்று இருக்கிறதா, ஒரு லிட்டர் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கரையுங்கள். லிட்டர் பொட்டலத்துக்குக் கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதுமான அளவுகோல். குழந்தை குடிக்கவில்லை என்று கருப்பட்டியோ சர்க்கரையோ கூடச் சேர்க்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

குளிர்பானம் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதில் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, ஓ.ஆர்.எஸ். கரைசலில் 1.35 கிராம்தான். போக்கு அதனால் கூடும். உரிய அளவில்லாத இனிப்புப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அச்சிடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. அக்கானியும் (பதநீர்) இனிப்பு மிகுந்ததே. இந்த நேரத்தில் வேண்டாம். கருக்கு (இளநீர்) நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை நம் பாட்டிமார் கொடுத்ததில் பொருள் உண்டு. அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வாசலுக்குத்தான் போகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் 14 நாளும் கொடுங்கள்; போக்கு நின்றதும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். போக்கை அடைக்கும் மாத்திரையைச் சிறு குழந்தைகளுக்கு நான் தருவதில்லை, யார் கோபித்தாலும்.

கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகில் இருப்பதற்கு உடனே கொண்டுபோங்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு வண்டியிலும் கரண்டியால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.