வௌவால் எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள்

இந்த வருடம் இது மூன்றாவது ஆள். காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு, முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்காகத் திறந்திருக்கிறார்கள். அறுபது தாண்டியவர், சர்க்கரை நோயாளி. மச்சில் குவிந்து கிடந்த வௌவால் எச்சத்தை, தோள் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு தாமே கூட்டி அள்ளியிருக்கிறார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு முறுக்கும் காபியும். மூன்றாம் நாள் பேதி, குளிர்காய்ச்சல். மெடிக்கல் ஷாப் மாத்திரையில் நான்கு நாள் வீணாய்ப் போனது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த இரத்தத்தில் வளர்ந்தது சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. டைபாய்டு வகை அல்ல, பிராணிகளின் குடலில் இருக்கும் வகை. எச்சத்தையும் கல்ச்சர் செய்திருந்தால், அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்திருந்தால், மூலத்தை உறுதியாகச் சொல்லியிருப்பேன், அதற்குள் கழுவிவிட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"நல்லாக் காஞ்சு போன எச்சம் சார், அதுல என்ன கிருமி இருக்கப் போகுது?" என்றார் மகன். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். காய்ந்தால் சாவது எலிக்காய்ச்சல் கிருமி. அதற்கு ஈரம் வேண்டும். சால்மொனெல்லா காய்ந்த எச்சத்திலும் தூசியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா, இது பாக்டீரியா அல்ல, பூஞ்சை. எச்சம் கலந்த மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். ஈர எச்சம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். காய்ந்ததுதான் விளக்குமாறு பட்டதும் பொடியாகி மூக்கில் ஏறுகிறது. அந்தப் பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும். பயப்பட வேண்டியதே காய்ந்த எச்சத்துக்குத்தான்!

வௌவால் என்றதும் நிபா வருமா என்று கேட்கிறவர்கள், எச்சம் விழாதபடி மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. முதலில் அதை மூடுங்கள்.

சுத்தம் செய்யும் முன் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, ஊறிய பிறகு தகரத்தால் வழித்துப் பையில் கட்டுங்கள். என்95 முகக்கவசம், கையுறை, செருப்புக்குப் பதில் ஷூ. துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், குழந்தைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

வௌவாலை அடிக்காதீர்கள், தயவுசெய்து. ஓட்டுச் சந்தில் தொங்குவது பூச்சி தின்கிற சிறு வௌவால். இருட்டியதும் அவை பறந்து போன பிறகு அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள். குட்டி இருக்கும் மாதங்களில் வேண்டாம்.

அப்புறம், அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், வௌவால் எச்சம் அள்ளியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பூஞ்சைக் கல்ச்சரை நான்கு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரண இரத்தக் கல்ச்சர் என்று ஐந்தாம் நாளே முடித்துவிடுவோம்.