ஓடுகிற பெண்ணிடம் காலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

ஆடி பிறந்ததும் என் பிசியோதெரபி கிளினிக்கில் பள்ளிப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். காட்பாடி, அணைக்கட்டு, ஊசூர் பக்கம் இருந்து பஸ் ஏறி, யூனிபார்மோடு நேராக வருவார்கள். "முட்டிக்குக் கீழ, முன்னாடி எலும்பு வலிக்குது மேடம்" என்பார்கள். பாதிப் பேர் கிராஸ் கன்ட்ரி டீம், அதாவது மைதானத்துக்கு வெளியே மண்ணிலும் புல்லிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டக் குழு.

ஏன் ஆடியில்? ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் யாரும் ஓட மாட்டார்கள், ஓடவும் கூடாது. ஜூனில் பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டி, அதில் தேறினால் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவசர அவசரமாகப் பயிற்சி தொடங்கும். ஏரிக்கரை, பாலாற்று மணல், தார் ரோடு என்று ஓட விடுவார்கள். இரண்டு வாரத்தில் மூச்சு பழகிவிடும். பிள்ளை அலட்டாமல் ஓடுவதைப் பார்த்து மாஸ்டர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் சேர்ப்பார்.

மூச்சு பழகிய வேகத்தில் எலும்பு பழகாது. புதிதாகச் சுமை விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் அந்த இடத்தைக் கட்டும். அரிப்பதற்குச் சுமார் மூன்று வாரம். கட்டி முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம். அதனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு, தொடங்கிய நாளைவிட வலுக் குறைந்து இருக்கும். தூரத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். பயிற்சி தரும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது: தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், நான்காவது வாரம் கூட்டாமல் பாதியாகக் குறையுங்கள்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். வலி எங்கே என்று கேட்டேன். எலும்பு நெடுக வலி பரவியிருந்தால் பிள்ளைகள் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். இவள் ஒரே விரலை வைத்தாள், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில். அங்கே நான் லேசாகத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், முடியவில்லை. ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதாம். கையில் இருந்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே" என்றார் அம்மா. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிற மயிரிழை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது.

அனுப்புவதற்கு முன்னால், அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டுட்டு ஓடற?"

"டீ, ரெண்டு பிஸ்கட்டு."

"பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?"

தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாதம் ஆகிறது. வீட்டில் சொல்லவில்லை. டீமில் ஒரு அக்கா, "ஓடினா நின்னுடும், நல்லதுதான், தொல்லை இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். அது நல்லது இல்லை. ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அவருடைய எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் செலவாகும். 45 கிலோ பெண் எட்டு கிலோமீட்டர் ஓடினால் 360 கலோரி. ஏறக்குறைய ஏழு இட்லி. ஓடாத பிள்ளை சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு மேல் இந்த ஏழு இட்லி வேண்டும். அது வராவிட்டால் உடம்பு எங்காவது சிக்கனம் பிடிக்கும். முதலில் நிறுத்துகிறவற்றில் ஒன்று மாதவிடாய். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்பைக் காக்கிற ஹார்மோன் அதுதான். ஒரு பெண் தன் வாழ்நாளுக்குச் சேர்க்கும் எலும்பில் சுமார் 90 சதவீதத்தைப் பதினெட்டு வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். அந்த வயதில்தான் இந்தப் பிள்ளைகள் பட்டினியோடு ஓடுகிறார்கள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் கொடுத்தபோது, பையன்களையும் சேர்த்தே சொன்னது. பையன்களிடம் மாதவிடாய் போல ஓர் அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரிகிறது.

"எடை குறைஞ்சா வேகம் வரும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆசிரியர் போகிற போக்கில் சொன்னது அவருக்கு மறந்துபோகும். அந்தப் பெண் அன்று ராத்திரியே ஒரு தோசையைக் குறைத்துவிடுவாள்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலும், பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம். ஓடுவதால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

வலியை ஏன் மறைக்கிறார்கள் என்றும் யோசித்திருக்கிறேன். கிராஸ் கன்ட்ரியில் குழுவுக்கும் பரிசு உண்டு. உலகப் போட்டியில் ஒரு நாட்டின் முதல் நாலு பேர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைந்த நாடு ஜெயிக்கும். நான் நின்றால் டீமே போச்சு என்கிற நினைப்பு பதினைந்து வயதில் பெரிய பாரம். அதை இறக்கிவைக்க மாஸ்டரால்தான் முடியும். வாரம் ஒருமுறை "யாருக்காவது ஒரு இடத்துல மட்டும் வலிக்குதா?" என்று கேட்டு, கை தூக்கிய பிள்ளையைத் திட்டாமல் உட்கார வைத்தால் போதும்.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியில் 100 கிராம் மாவுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வேர்க்கடலை நம் காட்டிலேயே விளைகிறது. ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்த அரை மணிக்குள் வேகவைத்த கடலையோ முட்டையோ, அப்புறம் வயிறு நிறைய டிபன். டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம், அது இரும்புச்சத்தைத் தடுக்கும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வராமல் அங்கேயே விழுங்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு எட்டு வாரம் ஓட்டம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாவட்டப் போட்டி கைவிட்டுப் போனது, என் எதிரிலேயே அழுதாள். கார்த்திகை மாதம் அவள் அம்மா போன் செய்தார். "மேடம், வந்துடுச்சு" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. தை மாதத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று புல்தரையில் ஆரம்பித்தாள். அவள் பள்ளி மாஸ்டர் இப்போது கிரவுண்டுக்கு வரும்போது ஒரு தூக்கு நிறைய அவித்த கடலை கொண்டுவருகிறார்.