இம்பிளான்ட்: பதியமா, உள்வைப்பா?

மதுரையில் பல் டாக்டர் போர்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இம்பிளான்ட் புதுச் சொல் இல்லை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் அதே சொல் வரும்போதுதான் குழப்பம், ஏனென்றால் அங்கே மாஸ்டெக்டமி, ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் இரண்டையும் கூட்டிக்கொண்டு வரும். இந்த மூன்றையும் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

மாஸ்டெக்டமி கிரேக்கம். மாஸ்டோஸ் என்றால் முலை, எக்டமே என்றால் வெட்டி எடுப்பது. குடல்வாலை எடுப்பதை அப்பெண்டெக்டமி என்கிறார்களே, அதே பின்னொட்டுதான். நேர்த் தமிழ் முலை நீக்கம். கண்ணகி முலையைத் திருகி எறிந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊரிலேயே அந்தச் சொல்லுக்குக் கூச்சம் வந்துவிட்டதால் மார்பக நீக்கம் என்றாகிவிட்டது. சரி, புரிந்தால் போதும். ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு மார்பகச் சீரமைப்பு என்பேன், அதாவது எடுத்த மார்பின் உருவத்தைத் திரும்ப அமைப்பது. மீட்டுருவாக்கம் என்றால் போனதெல்லாம் திரும்பிவிடும் போல ஒலிக்கிறது. உருவம் வரும், பழைய தொடு உணர்வு பெரும்பாலும் வராது.

இப்போது இம்பிளான்ட். லத்தீனில் பிளான்டாரே என்றால் நடுவது, உள்ளே நடுவதால் இந்தப் பெயர். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைக்குப் பதியம் போடுவதைப் பார்த்தவர்கள், பதியம் என்றே சொல்லிவிடலாமே என்பார்கள். பல்லுக்கு அது பொருந்தும், டைட்டானியம் திருகை எலும்பு இறுகப் பற்றிக்கொள்கிறது. மார்பில் வைப்பது வேர் பிடிக்காது. அது சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய பை (சிலிக்கான் என்று எழுதாதீர்கள், அது கம்ப்யூட்டர் சில்லுக்கான தனிமம்). ஜெல் பையை முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு வைத்தது 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். உடம்பு அதை வேற்றுப் பொருளாகவே பார்த்து, சுற்றிலும் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிவிடும். அந்த உறை இறுகினால் மார்பு கெட்டியாகி வலிக்கும், கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஆயுளுக்கும் தாங்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது, கிழிந்தால் மாற்ற வேண்டும். அதனால்தான் உள்வைப்பு என்கிறேன், உள்ளே வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தோல் போதாவிட்டால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை வைப்பார்கள். தோல்விரிப்பி எனலாம். ஊசி வழியாக அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, அப்புறம்தான் உள்வைப்பு.

வயிற்றுச் சதையையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் பொருத்தும் ஃபிளாப் முறைக்கு இம்பிளான்ட் என்ற பெயர் கிடையாது. ரத்தம் ஓடி உயிரோடு ஒட்டிக்கொள்வதால் பதியம் என்ற சொல்லை அதற்கு வேண்டுமானால் கொடுக்கலாம். பெரியாஸ்பத்திரியோ தனியாரோ, எங்கே போனாலும் “பை வைக்கப் போறீங்களா, என் சதையவே எடுத்து வைக்கப் போறீங்களா டாக்டர்?” என்று கேளுங்கள், அவருக்குப் புரியும்.